அம்பதுக்கு வாங்கி அறுபதுக்கு விற்றால் லாபமா?

"கிலோ அம்பதுக்கு வாங்கி அறுபதுக்கு விக்கிறேன். பத்து ரூவா நிக்கணும்ல? கையில ஒண்ணும் நிக்கலடா!"

கம்பத்தில் வீட்டு வாசலிலேயே சின்னதாகப் பழக்கடை போட்ட என் சித்தியின் புலம்பல் இது. கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்தேன். வாங்கிய விலை இருந்தது, விற்ற விலை இருந்தது. அடக்க விலை மட்டும் இல்லை!

சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் ஆண்டு முழுக்க அறுவடையாகும் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பேர் பெரிதுதான். ஆனால், பழம் ரொம்ப நாள் தாங்காது. உதிரும், நசுங்கும், அழுகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 கிலோ, 1,000 ரூபாய். ஆட்டோ, ஏற்று இறக்குக் கூலி 100 ரூபாய். ஆக 1,100. அதில் 3 கிலோ வீணானால், விற்க மிஞ்சுவது 17 கிலோ. அப்படியென்றால், கிலோவின் அடக்கம் 50 ரூபாய் அல்ல. கிட்டத்தட்ட 65 ரூபாய். 60-க்கு விற்றால் வருவது 1,020. கையிலிருந்து 80 ரூபாய் நஷ்டம்!

சதவிகிதத்திலும் ஒரு குழப்பம் உண்டு. 100 ரூபாய் அடக்கத்தில் 25 ரூபாய் சேர்த்து 125-க்கு விற்றால், அடக்கத்தின் மேல் 25% லாபம். விற்ற பணத்தில் பார்த்தால் 20%தான். வாடகை, கரன்ட் பில், கவர் செலவு எல்லாம் அந்த 25 ரூபாயிலிருந்துதான் போக வேண்டும்.

இதே மாவட்டத்தில், போடிநாயக்கனூரில் ஏலம் போகும் ஏலக்காய்க்குக் கணக்கு வேறு. காய்ந்த சரக்கு, நாளைக்கே அழுகாது. சதவிகிதம் குறைத்து வைத்தாலும் கட்டுப்படியாகும். ஆனால், முதல் அதிகம். வாங்கி வைத்த பிறகு ஏல விலை இறங்கினால், வாங்கிய விலைக்குக்கூட விற்க முடியாது.

"அப்போ திராட்சையை எண்பதுக்கு விக்கவா? பக்கத்துக் கடைக்காரர் எழுபத்தஞ்சுதான சொல்றாரு!" என்றார் சித்தி. நியாயம்தான். 17 கிலோவை 80-க்கு விற்றால் 1,360 ரூபாய். அதுவே வீணாவது ஒரு கிலோவாகக் குறைந்தால், 19 கிலோவை 72-க்கு விற்றாலே 1,368 ரூபாய் வந்துவிடும். வாங்குபவருக்கும் கிலோவுக்கு 8 ரூபாய் மிச்சம்.

இப்போது சித்தி கூடையில் குவிப்பதில்லை. தட்டில் பரப்பி வைக்கிறார். உதிரியை அன்றைக்கே தனி விலைக்குத் தள்ளிவிடுகிறார். ராத்திரி கடை சாத்தும்போது வீணானதையும் எடை போட்டு நோட்டில் எழுதுகிறார்.

வீட்டிலிருந்தே ஊறுகாய், மசாலா, இட்லி மாவு விற்கும் தோழிகளே... உங்கள் நோட்டில் அந்த வரி இருக்கிறதா?