கட்டம் கட்டமாகத் தெரிவதற்குப் பெயர் தமிழ் இல்லை

சிங்களப் பக்கத்தைத் திறந்தால் பக்கம் தெரிகிறது. ஆங்கிலப் பக்கமும் அப்படியே. மேல் மூலையில் 'தமிழ்' என்று சின்னதாக ஒன்று இருக்குமே, அதை அமுக்கினால்தான் கூத்து ஆரம்பம். தலைப்பு ஒரு எழுத்துருவில், அதற்குக் கீழே இருக்கும் பந்தி இன்னொன்றில், படிவத்துக்குள் மூன்றாவது ஒன்று. 'சமர்ப்பிக்கவும்' பட்டனுக்குள் அடங்காமல் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். வரிகள் நெருக்கியடித்து, மேல்வரி 'கு'வின் சுழி கீழ்வரி 'கீ'யின் தலையில் இடிக்கும். கொஞ்சம் பழைய போன் என்றால் அதுவும் இல்லை, வெறும் கட்டம் கட்டமாக வரும்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வருகிறது. "இதெல்லாம் சின்ன டிசைன் பிரச்சினை, வாசிக்க முடியுதுதானே, அட்ஜஸ்ட் பண்ணுங்க." அட்ஜஸ்ட் பண்ணச் சொல்கிறவர்கள் தாங்கள் ஒருநாளும் அந்தப் பக்கத்தில் ஒரு விண்ணப்பம் நிரப்பாதவர்கள். நாங்கள் நிரப்பியிருக்கிறோம். எங்களில் ஒருத்தியின் அம்மா, இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுப்பவர், அரை நாள் பேரை விட்டுவிட்டு ஒரு கொடுப்பனவு விண்ணப்பத்துக்காகக் கொமியூனிகேஷன் கடைக்குப் போனார். தமிழ்ப் பக்கம் உடைந்து கிடந்தது. கடைத்தம்பி அலட்டிக்கொள்ளாமல் சிங்களப் பக்கத்துக்கு மாற்றி, அம்மாவின் பெயரைத் தன் காதுக்குக் கேட்டபடி அடித்துக் கொடுத்தான். அவன்மேல் பிழை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெயர் இன்றைக்கு அடையாள அட்டையில் ஒரு மாதிரி, விண்ணப்பத்தில் இன்னொரு மாதிரி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்ட இன்னும் இரண்டு நாள் பேர் போனது.

சப்ரகமுவயில் இது ஏன் கூடுதலாக வலிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மலையகம் என்றால் எல்லாருக்கும் நுவரெலியாதான் கண்ணுக்குத் தெரியும். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட, பலாங்கொடை, இறக்குவானை, கஹவத்தை எல்லாம் ஏதோ பின்னிணைப்பு. இங்கே தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. உயர்தரம் வரைக்கும் தமிழில் படிக்க வேண்டுமென்றால் பல பிள்ளைகளுக்கு பஸ் ஏறிப் போகவேண்டிய தூரம். அதனால் எத்தனையோ வீடுகளில் பிள்ளை சிங்களப் பாடசாலையில். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் வாசிப்பு என்று மிஞ்சியிருப்பதே போன் திரைதான். அதிலும் தமிழ் உடைந்து, நொறுங்கி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி வந்தால், பிள்ளை என்ன நினைக்கும்? இணையத்தளம் மோசம் என்று நினைக்காது, தமிழ் கஷ்டம் என்றுதான் நினைக்கும். அடுத்த முறை கேட்காமலே சிங்களப் பக்கத்தை அமுக்கும். பிறகு ஒரு கூட்டத்தில் யாரோ ஒரு அதிகாரி, "தமிழ்ப் பக்கத்தை யாருமே பாவிக்கிறதில்லையே, அதுக்கு எதுக்குச் செலவு?" என்று கேட்பார். உடைத்து வைத்ததும் நீங்களே, பாவிக்கவில்லை என்று கணக்குக் காட்டுவதும் நீங்களே.

இவ்வளவுக்கும் தொழில்நுட்பம் இல்லை என்று யாரும் சொல்லவே முடியாது. யுனிகோடில் தமிழுக்கு இடம் வந்தது 1991இல். தமிழ்நாட்டு அரசு பல குறியீடுகளோடு இழுபட்டு, கடைசியில் 2010இல் யுனிகோடை ஏற்றுக்கொண்டது. இலங்கையில் தமிழுக்கான எஸ்.எல்.எஸ். 1326 தரம் வந்தது 2008இல். அந்த வருடம் பிறந்த பிள்ளை இன்றைக்கு ஓ.எல். தாண்டிவிட்டது. தரம் மட்டும் இன்னும் பல அலுவலகக் கணினிகளுக்குப் போய்ச் சேரவில்லை. அங்கே இன்றும் பாமினிதான் ராஜ்யம்.

பாமினி தெரியாதவர்களுக்கு: அது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேஷம் போடுகிற எழுத்துரு. 'தமிழ்' என்று திரையில் தெரியும். ஆனால் கோப்புக்குள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. அச்சடித்துக் கையில் கொடுக்கும் காலத்தில் அது பெரிய உதவி, அதை மறுக்கவில்லை. ஈழத்திலும் மலையகத்திலும் எத்தனை சிறுபத்திரிகைகள் அதால் வெளிவந்தன! ஆனால் அதே கோப்பை இணையத்தில் ஏற்றினால், அந்த எழுத்துரு இல்லாத போனில் தமிழ் மறைந்து ஆங்கிலக் குப்பை வரும். பிடிஎஃப் ஆக்கினால் பார்க்க அழகாக இருக்கும், தேடினால் ஒரு சொல்லும் கிடைக்காது. கண் தெரியாத ஒருவர் திரைவாசிப்பானைப் போட்டால் அது ஜே, கே, பி என்று ஏதோ உளறும்.

சரி, மாற்றிக் கொடுக்கிறோம் என்று மாற்றியில் போட்டு எடுக்கிறார்கள். அதில் வருகிற வம்பு இன்னும் மோசம். 'ர்' என்ற எழுத்துக்குப் பதிலாகக் காலும் புள்ளியும் சேர்ந்து 'ா்' என்று வந்து உட்கார்ந்துவிடும். 'குமார்' என்பதையும் 'குமாா்' என்பதையும் வேகமாகப் பாருங்கள், பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வித்தியாசமே பிடிபடாது. கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல். பட்டியலில் குமார் என்று தேடினால் "அப்படி ஒருவர் இல்லை" என்று சொல்லும். பிரஜாவுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது, எதில் இல்லை என்று தலைமுறை தலைமுறையாக அலைந்த சனம் நாங்கள். ஒரு கால் பிழையாக விழுந்ததால் பெயர் காணாமல் போவது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது இந்த இரண்டு பக்கமும் சமமாக வெட்டிவிடும் பைத்தியம். ஆங்கிலத்தில் சின்னச் சின்னச் சொற்கள், இடைவெளியைப் பங்குபோட்டுச் சமாளிக்கும். தமிழ்ச் சொல் அப்படியா? 'உறுதிப்படுத்தப்பட்டுள்ளமையினால்' என்று அலுவலகத் தமிழில் ஒரு சொல் வந்தால் போன் திரையில் அது ஒரு வரி. முந்தைய வரியில் மிஞ்சிய இரண்டு சொல்லும் ஆளுக்கொரு கரையில் ஒதுங்கி, நடுவில் ஆறு ஓடும். பழைய பத்திரிகை அச்சுக்கோப்பவருக்கு இது தெரியும், சொல்லை எழுத்து எல்லையில் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவார். கோ. நடேசய்யர் 1920களில் தேசபக்தன் நடத்தியபோதும், மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடிய பாட்டுகளை அச்சிட்டபோதும் ஈய எழுத்தை ஒவ்வொன்றாகக் கையால் கோத்தார்கள். ஒரு சொடுக்கில் இடப்பக்கம் ஒழுங்குபடுத்தக்கூடிய காலத்தில் நமக்கு அது வலிக்கிறது.

அரசாங்கத்தை மட்டும் திட்டிவிட்டுப் போக மனமில்லை. எங்கள் ஆட்களின் பேஸ்புக் கவிதை அட்டைகளையும், கம்பஸ் சங்கங்களின் போஸ்டர்களையும் பாருங்க. 'கொழுந்து' என்று எழுதியிருப்பார்கள், கொம்பு பின்னால் போய்த் தனியாக நிற்கும். மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும், ஐந்து நிமிட வேலை. 2023இல் 'மலையகம் 200' என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்ததை எல்லாரும் பகிர்ந்தோம். அப்போது சுற்றிய படங்களில் எத்தனையில் தமிழ் முழுசாக இருந்தது? அதிலும் எல்லாமே படம், நாளைக்கு ஒருவர் தேடினால் அதில் ஒரு வரி அகப்படாது. 2005இலிருந்து நூலகம் திட்டக்காரர்கள் பழைய புத்தகங்களை ஸ்கேன் பண்ணிப் பண்ணிச் சேர்த்து வைக்கிறார்கள். நாங்கள் புதிதாக எழுதுவதையே தேடமுடியாத படமாக்கித் தொலைத்துக்கொண்டிருக்கிறோம்.

"தமிழுக்கு நல்ல எழுத்துரு எங்கே இருக்கு?" என்கிற சாக்கும் செல்லாது. நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம். கேட்டமரான், முக்த மலர், மீரா இனிமை, எல்லாமே இலவசம். பிரச்சினை என்னவென்றால் இணையத்தளம் செய்கிறவர் ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துருவைப் பெயர் சொல்லிக் கேட்பார், சிங்களத்துக்கும் கேட்பார், தமிழுக்கு மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார். போன் தன்னிடம் இருப்பதில் ஏதோ ஒன்றை எடுத்துப் போடும். போனுக்குப் போன் பக்கம் மாறுவது அதனால்தான். பக்கத்தின் மொழி தமிழ் என்று குறியில் சொல்வது, எழுத்துருவின் பெயர் போடுவது, வரி இடைவெளியைக் கூட்டுவது, பட்டனை அகலமாக்குவது. ஒரு பின்னேர வேலை. அதைவிட முக்கியம், வெளியிட முன்னம் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் ஒரு மலிவான போனில் காட்டுவது.

1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. சிங்களம் நிருவாக மொழியாக இருக்கும் இடங்களிலும் தமிழில் அலுவல் பார்க்கும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. இரத்தினபுரியும் கேகாலையும் அப்படிப்பட்ட இடங்கள்தான். பெயருக்கு ஒரு தமிழ்ப் பக்கம் இருந்து, அதில் விண்ணப்பத்தை அனுப்ப முடியாவிட்டால் அந்த உறுப்புரை மீறப்படுகிறது, அவ்வளவுதான். இதை விசாரிக்க 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசகரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது.

அதனால் இனிமேல் உடைந்த பக்கத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு வட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுவதோடு நிறுத்தவேண்டாம். ஸ்கிரீன்ஷொட் எடுங்க. பக்கத்தின் முகவரி, போனின் மொடல், திகதி, எந்த வேலை தடைப்பட்டது என்று நாலு வரி எழுதி எங்களுக்கு அனுப்புங்க. சப்ரகமுவயிலிருந்து வருவதை மாவட்ட வாரியாகத் தொகுத்து ஆணைக்குழுவுக்கு முறைப்பாடாக அனுப்பப் போகிறோம், தமிழில், யுனிகோடில். பதில் எந்த மொழியில், எந்த எழுத்துருவில் வருகிறது என்பதை இதே இடத்தில் போடுவோம்.