புகைப்படம் என்னும் மயக்கம்

ஸ்கேனிங் டன்னலிங் நுண்ணோக்கி தரும் படத்தை ‘அணுக்களின் புகைப்படம்’ என்று எழுதுவோர் இன்றும் குறையவில்லை. ஆய்வேடுகளில்கூட அச்சொல் கூசாமல் நுழைகிறது. அது புகைப்படமன்று, கூர்முனைக்கும் பரப்புக்கும் இடையே ஓடும் மின்னோட்டத்தின் வரைபடம்.

2013இல் ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகக் குழுவொன்று, பிளாட்டினத்தின் 111 முகத்தின்மேல் பேரியம் டைட்டனேட்டின் மிக மெல்லிய படலத்தில் பன்னிரு மடிச் சமச்சீர் கொண்ட குவாசிபடிகத்தைக் கண்டது. சதுரம், சமபக்க முக்கோணம், 30 பாகைச் சாய்சதுரம். மூன்றுக்கும் பக்கம் ஏறத்தாழ 0.69 நானோமீட்டர். இவ்வோடுகள் இடைவெளியின்றித் தளத்தை நிரப்புகின்றன. ஆயினும் அவ்வமைப்பு சீரான இடைவெளியில் மீள்வதில்லை. அழகுதான், மறுப்பதற்கில்லை. அவ்வழகே கண்ணைக் கட்டிவிடுகிறது. ஓடுகளின் மூலையில் ஒளிரும் புள்ளிகள் டைட்டேனியம் என்றே கொள்வோம். ஆக்சிஜன் எங்கே? பேரியம் எங்கே? புள்ளி வைத்ததைக் காட்டிக் கோலம் முடிந்தது என்பார் உண்டோ? ஒரே ஓடமைப்புக்குள் வெவ்வேறு அணு அடுக்கங்களைப் பொருத்தலாம் என்பதை இவர்கள் எண்ணுவதேயில்லை. 2016இல் வெளியான அணு மாதிரிக்குக்கூட நுண்ணோக்கிப் படம் மட்டும் போதவில்லை. எந்த அடுக்கம் ஆற்றல் குறைந்தது என்று குவாண்டக் கணக்கீட்டால் தேட வேண்டியிருந்தது.