ஆன்டெனா வாங்கும் முன் மொட்டைமாடி ஏறுங்கள்

இரவில் பெசன்ட் நகர் கடற்கரையில் நின்று வடக்கே பார்த்திருக்கிறீர்களா? மெரினாவின் கலங்கரை விளக்க ஒளி வந்து வந்து மறையும். உங்கள் தலைக்கு மேலேயும் ஒரு தெருவிளக்கு எரிகிறது. அதைக் கடலில் இருக்கும் மீனவர் பொருட்படுத்துவதில்லை. தெருவிளக்கு ஒளியை நாற்புறமும் இறைக்கிறது. கலங்கரை விளக்கமோ ஒரே திசையில் திரட்டி வீசுகிறது.

ஆன்டெனாவும் இப்படித்தான். அது புதிதாக ஆற்றலை உண்டாக்குவதில்லை; இருப்பதைத் திரட்டுகிறது. 24 டெசிபல் பெருக்கமுள்ள கம்பிவலைக் கிண்ணம், தான் நோக்கும் திசையில் அலையை ஏறத்தாழ 250 மடங்கு செறிவாக்குகிறது. அப்படியானால் இருப்பதில் பெரியதை வாங்கிவிடலாமே என்பீர்கள். நான் ஒப்பமாட்டேன்.

பெசன்ட் நகர் மாடியிலிருந்து மயிலாப்பூர் மாடிக்கு, ஏறத்தாழ 4 கி.மீ. தூரம், கம்பியின்றி இணைப்புத் தர வேண்டும் என்று வையுங்கள். நடுவே பிரம்மஞான சபையின் அடர்ந்த தோப்பு நிற்கிறது. இலைகளில் உள்ள நீர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை விழுங்கிவிடும். எதிர்மாடி கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. கலங்கரை விளக்க வில்லையை வடிவமைத்த அதே பிரெஞ்சு அறிஞர் பிரெனெலின் கணக்குப்படி, பாதி வழியில் நேர்கோட்டைச் சுற்றி 11 மீட்டர் ஆரமுள்ள வெளி அலைக்குத் தேவை. அதில் பாதிக்கு மேலாவது தடையின்றி இருக்கவேண்டும். இதற்கு உதவுவது உயரந்தான். மரத்தின் மேல் மோதும் கிண்ணம் எவ்வளவு பெரியதானாலும் வீணே!

தேனியில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 2000-களின் நடுவில், அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, சுற்றுவட்டாரக் கண் மையங்களை உயர்ந்த கோபுரங்களில் பொருத்திய கூர்திசை ஆன்டெனாக்களால் இணைத்தனர். நோயாளி தம் ஊரிலேயே அமர்ந்திருக்க, மருத்துவர் திரையில் அவரிடம் பேசினார். பேருந்துச் செலவும் ஒருநாள் கூலியும் மிச்சமாயின.

இன்னொன்று. 2005 முதல் இந்த அலைவரிசைக்கு நம் நாட்டில் உரிமம் வேண்டியதில்லை. ஆனால் வெளியேறும் பயனுறு திறன் 4 வாட்டைத் தாண்டக்கூடாது. 250 மடங்கு திரட்டும் கிண்ணத்துக்கு ஒரு வாட்டில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு ஊட்டினாலே அந்த வரம்பு எட்டிவிடும். பேசுவதற்கு வரம்பு உண்டு; கேட்பதற்கு இல்லை. நல்ல கிண்ணத்தின் பெருமை கேட்பதிலேதான்! எல்லாத் திசையிலும் இறைக்கும் குச்சி ஆன்டெனாவை இரு முனை இணைப்புக்குப் பூட்டுவது, பக்கத்து வீட்டாரின் வானொலி வெளியையும் சேர்த்துப் பிடுங்குவதாகும்.

கடலோரத்தில் கெட்டித் தட்டைவிடக் கம்பிவலையே மேல். காற்று அதனுள் புகுந்து போய்விடும். 2016 டிசம்பரில் வர்தா புயலைக் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் ஒரு முனையில் கம்பிகளைச் செங்குத்தாகவும் மறுமுனையில் படுக்கையாகவும் பொருத்திவிடாதீர்கள். பெரும்பகுதி அலை வீணாகிவிடும்.

தூர்தர்ஷன் மட்டுமே இருந்த காலத்தில் மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, கீழிருந்து இன்னொருவர் “இன்னும் கொஞ்சம்!” என்று கத்துவார். இன்றும் அதே வேலைதான், இரண்டு மாடிகளில். கத்தினால் மயிலாப்பூருக்குக் கேட்காது. கைபேசியை எடுத்துச் செல்லுங்கள்.