ஐப்பசிச் சனிக்கிழமை

பள்ளிக்கூட வாத்தியார்களுக்குச் சனிக்கிழமை விடுமுறை என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. நமது இல்லத்தரசியார் இந்த நம்பிக்கையைக் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது. வெள்ளிக்கிழமை இரவே ஒரு ஜாபிதா எழுதி, நம் மூக்குக் கண்ணாடிக் கூட்டின்மேல் வைத்துவிடுவார். மற்ற மாதங்களில் அதில் நான்கைந்து இனங்கள் இருக்கும். ஐப்பசி பிறந்துவிட்டால் காகிதத்தின் பின்பக்கமும் நிரம்பிவிடும். தீபாவளி என்றைக்கு என்று பஞ்சாங்கம் சொல்லிவிடும். வடகிழக்குப் பருவமழை அப்படியல்ல. தன் இஷ்டப்படி வரும். வந்த பிறகு நமக்கு அவகாசம் கொடாது. ஆகவே இரண்டுக்குமான வேலைகள் ஒரே சனிக்கிழமையின் தலையில் வந்து விழுகின்றன.

போன வாரத்து ஜாபிதாவில் ரேஷன் கடை முதலாவது. மழைநீர்க் குழி கடைசி. அந்தக் கடைசி இனத்தின் கீழ் இரண்டு கோடுகள் போட்டிருந்தன. மூன்று வருஷமாக அது கடைசி இனமாகவே இருந்து, அடுத்த ஐப்பசிக்குப் பாக்கியாகக் கொண்டுபோகப்பட்டு வந்தது. அதற்குக் காரணம் நாமே என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

காலை எட்டு மணிக்கே தம்பதி சமேதராய் ரேஷன் கடைக்குப் போய் வரிசையில் நின்றோம். துவரம்பருப்பும் பாமாயிலும் வாங்கக் கைரேகை வைக்க வேண்டும். இல்லத்தரசியார் முதலில் பெருவிரலை வைத்தார். இயந்திரம் ஏற்கவில்லை. துடைத்து வைத்தார், சுட்டுவிரலை வைத்தார், பயனில்லை. நாம் வைத்தோம். தொட்ட மாத்திரத்தில் ஏற்றுக்கொண்டது. "பாத்திரம் தேய்க்கிற கைக்கு ரேகை ஏது?" என்று பின்னால் நின்ற ஓர் அம்மாள் சிரித்தாள். வரிசையில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நாம் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டோம்.

நாட்டு மருந்துக் கடையில் தீபாவளி லேகியத்துக்குச் சுக்கு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம். தையற்காரரிடம் பையனின் சட்டை. அவர் "நாளைக்கு" என்றார்; அதைத்தான் சொல்வார் என்று தெரிந்தே போனோம். பத்தரை மணிக்கு வீடு திரும்பினால், வாசலில் மண்வெட்டியும் அரிவாளுமாக ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். இந்த வருஷம் குழி பாக்கி விழக் கூடாதென்று இல்லத்தரசியார் முன்னதாகவே ஆளுக்குச் சொல்லிவிட்டார்!

நம் வீடு தாம்பரத்துக்கு மேற்கே, கொல்லையில் ஓர் உறைக்கிணறும் ஒரு முருங்கையும் உள்ள சிறு வீடு. முருங்கை பார்ப்பதற்குப் பெரிய மரந்தான். ஆனால் ஒரு காற்றுக்குத் தாங்காது. மழைக்கு முன்னால் கிளைகளைக் கழித்துவிட வேண்டும். பெரியவர் கழித்துப் போட்டார். நாம் இழுத்து ஒதுக்கினோம். செய்தி எப்படித்தான் பரவுமோ, அரை மணியில் தெருவிலுள்ள பாதிப் பேர் கீரைக்கு வந்துவிட்டார்கள். இரண்டு கிளைகளைப் போத்தாக வெட்டி வேலியோரத்தில் ஊன்றினோம். மொட்டை மாடியில் வடிகால் வாயை அடைத்திருந்த சருகை அள்ளினோம். கொல்லையில் கிடந்த தேங்காய்ச் சிரட்டை, உடைந்த பூந்தொட்டி, டயர் ஒன்று, எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினோம். டெங்குக் கொசுவின் முட்டை ஈரமில்லாமலே பல மாதம் உயிரோடு கிடந்து, மழைத் தண்ணீர் பட்டதும் பொரிக்கக்கூடியது என்று பையனுக்கு ஒரு சிறு பிரசங்கமும் செய்தோம். பிரசங்கம் நமக்குச் சுலபமாக வரும்.

பிறகு குழியைத் திறந்தோம்.

2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது தோண்டிய குழி அது. மாடியில் விழும் மழை குழாய் வழியே இறங்கி, மணலிலும் ஜல்லியிலும் வடிந்து, கிணற்றில் சேரவேண்டும் என்பது ஏற்பாடு. வண்டல் அடைத்து நாறிக் கிடக்கும் என்று எண்ணி நாம் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டோம். பெரியவர் மேல்மணலைக் கையில் அள்ளிப் பார்த்தார். அது பொலபொலவென்று உதிர்ந்தது.

"குழி சுத்தமாத்தான் இருக்கு, ஐயா. தண்ணி வந்தாத்தானே அழுக்கு வரும்?" என்றார்.

அண்ணாந்து பார்த்தோம். மாடிக் குழாயின் முழங்கை குழியின் பக்கம் இல்லை. மதிலுக்கு மேலாகத் தெருவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நம் கூரைத் தண்ணீரெல்லாம் இத்தனை வருஷமாகத் தெருச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"இதை யார் திருப்பினது?" என்று இல்லத்தரசியார் கேட்டார்.

குழாய் வைத்த ஆள் எப்போதோ சொந்த ஊருக்குப் போய்விட்டான். அவன் பேரைச் சொல்லியிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். நேயர்களிடம் மறைப்பானேன், வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அதே சமயம் அந்த இரவும் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. 2015 டிசம்பர் முதல் தேதி. ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்த இரவு. குழந்தைகளையும் இவரையும் மாலையிலேயே உறவினர் வீட்டு மாடிக்கு அனுப்பிவிட்டு நாம் தனியாக இருந்தோம். கொல்லையில் முழங்கால் தண்ணீர். இன்னும் ஒரு படி ஏறினால் சமையலறை. இருட்டில் ஏணி வைத்து ஏறி, அந்த முழங்கையைப் பிடுங்கித் தெருப்பக்கம் திருப்பியது நாமேதான். தண்ணீர் வடிந்தபின் மறந்துபோயிற்று.

"நான்தான்" என்றோம்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சௌகரியமாயிருந்திருக்கும்.

ஏனென்றால் 2019 கோடையில் கிணறு வற்றியபோது, விடியற்காலை நான்கு மணிக்குப் பிளாஸ்டிக் குடங்களோடு தெருமுனையில் லாரிக்குக் காத்துநின்றவர் அவர். நாம் அந்த ஜூலையில் பள்ளிக்கூடத்தில் மழைநீர் சேகரிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்! ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்த சமயம். ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டோம். பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொல்லி, 'வீட்டுக் குழாயைச் சரிபார்க்க வேண்டும்' என்ற வாக்கியத்தை விட்டுவிட்டவர்களுக்கு ஒரு மதிப்பெண் குறைத்தோம்.

ஒரு வீட்டுக் கூரை ஊர் வறட்சியைத் தீர்த்துவிடாது என்பது உண்மையே. ஆயினும் கணக்குக் கணக்குத்தானே. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். நம் மாடி 900 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 84 சதுர மீட்டர். இந்தப் பக்கத்தில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. ஐந்தில் ஒரு பங்கு வழியில் வீண் என்று தள்ளினாலும் 90,000 லிட்டருக்கு மேல் வருகிறது. 12,000 லிட்டர் லாரியில் ஏழு லாரிக்கு மேல். அதுவும் ஒவ்வொரு வருஷமும். இந்தக் கணக்கை ஜாபிதாவின் ஓரத்தில் போட்டுப் பார்த்துக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டோம்.

பெரியவர் முழங்கையைத் திருப்பிப் பொருத்தினார். மணலை மாற்றி, ஜல்லியைக் கழுவிப் போட்டோம். முதல் மழை மாடித் தூசியோடு வரும். அதைக் கிணற்றுக்கு விடாமல் வெளியேற்றக் குழாயின் அடியில் ஒரு மூடி வைத்தார். முதல் மழை போன பிறகுதான் அதை மூடவேண்டும் என்று நம்மிடம் சொல்லவில்லை. "அம்மா, நீங்க ஞாபகம் வச்சுக்குங்க" என்றார்.

இரவு பத்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. கால் மணி பொறுத்து, குடையும் டார்ச்சு விளக்குமாகக் கொல்லைக்கு ஓடினோம். இல்லத்தரசியார் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அங்கே முன்னதாகவே நின்றுகொண்டிருந்தார். மூடியை அடைத்தாயிற்று. சற்று நேரத்தில் கிணற்றுக்குள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. முதலில் சொட்டுச் சொட்டாக, பிறகு விடாமல்.

இருவரும் கேட்டுக்கொண்டு நின்றோம்.

"ஏங்க, இத்தனை வருஷத்தில் எத்தனை லாரி போயிருக்கும்?" என்றார் அவர்.

மழைச் சத்தத்தில் கேள்வி காதில் விழவில்லை என்று பாவனை செய்து, குடையை அவர் பக்கமாகச் சாய்த்தோம்.