வயது வந்த பிள்ளை யாருடைய பொறுப்பு?

பெரும்போக உழவு வேளையில் உழவு இயந்திரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்த மகனைப் பற்றி, கல்முனைப் பக்கத்து விவசாயி ஒருவர் என்னிடம் பேசினார். மகனுக்கு வயது 23. "பாதர், எனக்கு விவசாயிகள் ஓய்வூதியம் பதிஞ்சிருக்கு. மகன்ட பேரையும் அதில சேர்க்க ஏலாதா?" என்று கேட்டார். ஏலாது என்றே சொல்ல வேண்டியிருந்தது. "அப்ப அவன் ஆர்ட பொறுப்பு?" என்றார். அந்தக் கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன்.

எமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். கல்முனையிலேயே இரண்டு ஆதார வைத்தியசாலைகள் உண்டு. இது பெரும் பேறு. ஆனால் நோயின் செலவு வாட்டு வாசலோடு முடிவதில்லை. வெளியே செய்யும் பரிசோதனை, ஆட்டோக் கூலி, துணைக்கு இருப்பவரின் சாப்பாடு, எல்லாவற்றுக்கும் மேலாக இழந்த ஒரு போகத்தின் உழைப்பு. இவற்றுக்காகவே பெண்களின் கழுத்தில் கிடப்பது அடைவு கடைக்குப் போகின்றது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மருந்துகளே தட்டுப்பாடானபோது இதை நாம் நன்றாக உணர்ந்தோம்.

அரசாங்க ஊழியருக்கு அக்ரஹார காப்புறுதி இருக்கிறது. 2017இல் தொடங்கப்பட்ட சுரக்ஷா காப்புறுதி பாடசாலை மாணவருக்கானது. பாடசாலையை விட்டு வயலில் இறங்கிய இளைஞன் இவை இரண்டிலும் இல்லை. 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த விவசாயிகள் ஓய்வூதியத் திட்டம் மருத்துவக் காப்புறுதி அல்ல. எனினும் அங்கவீனத்துக்கும் மரணத்துக்கும் அதில் நன்மைகள் உண்டு. அவையும் பதிந்தவருக்கே உரியவை.

வயது வந்தவன் தன் காலில் நிற்கட்டும் என்பர் சிலர். நியாயமே. ஆனால் விவசாயக் குடும்பத்தில் வயலும் ஒன்று, அடுப்பும் ஒன்று, மடிப் பணமும் ஒன்று. மகனுக்குத் தனிச் சம்பளம் இல்லை. இடம்பெயர்ந்த குடும்பங்களில் நிலை இன்னும் மோசம். உறுதியோ பெர்மிற்றோ தகப்பன் பெயரில் இருக்கும். அல்லது 2004 சுனாமியிலோ யுத்தத்திலோ தொலைந்திருக்கும். தான் விவசாயி என்று காட்டவே மகனிடம் ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சட்டம், பெற்றோரின் காப்புறுதியில் பிள்ளை 26 வயது வரை இருக்க வழி செய்தது. மணம் முடித்திருந்தாலும் தடையில்லை. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிலாளர் அரசுக் காப்புறுதிச் சட்டம், உடலாலோ மனதாலோ இயலாத பிள்ளையை அந்த இயலாமை நீடிக்கும் வரை தொழிலாளியின் குடும்பமாகவே கணக்கிடுகிறது. பிறந்த நாளைப் பாராமல் தேவையைப் பார்க்கும் நியாயம் அதில் இருக்கிறது. கமத்தொழில் மற்றும் கமநலக் காப்புறுதிச் சபையிடம் நாம் கேட்க வேண்டியதும் இதுவே: ஒரே வயலில் உழைக்கும் பிள்ளையைச் சிறு மேலதிகக் கட்டுப்பணத்துடன் பெற்றோரின் பதிவில் சேர்க்க இடம் தாருங்கள். நிதி போதாமல் ஓய்வூதியம் சில காலம் நின்று 2014இல் மீண்டும் தொடங்கியதை மறக்கலாகாது. ஆதலால் நிதிக்கு அரசு பொறுப்பு நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்போம்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாமா? பிள்ளைக்கு 18 வயதானதும் அவனுடைய, அவளுடைய சொந்தப் பெயரிலேயே ஓய்வூதியத் திட்டத்தில் பதிய முயலுங்கள். 59 வயது வரை இடமுண்டு. பெண் பிள்ளையை விட்டுவிடாதீர்கள். நாற்று நடுபவளும் கதிர் அறுப்பவளும் விவசாயியே. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை தொலைந்திருந்தால் கிராம உத்தியோகத்தரிடம் இன்றே போங்கள். விபத்து நடந்த பிறகு ஓடுவது வீண் அலைச்சல்.

இன்னுமொன்று. எமது ஊர்களில் ஜனாஸா நலன்புரிச் சங்கம் இருக்கிறது, மரணாதாரச் சங்கம் இருக்கிறது. ஒருவர் இறந்தால் ஊரே காசு சேர்க்கிறது. அதே சங்கம் மாதாமாதம் சிறு தொகை சேர்த்து, நோயில் கிடப்பவருக்கு வண்டிக் கூலியும் பரிசோதனைச் செலவும் கொடுக்கலாகாதா? பள்ளிவாசலும் கோவிலும் தேவாலயமும் இதில் ஒன்றாக நிற்கலாம். அடக்கம் செய்யக் கைகொடுக்கும் நாம், பிழைக்க வைக்கவும் கைகொடுப்போம். அந்தத் தகப்பனின் கேள்விக்கு எனக்குத் தெரிந்த விடை இதுதான்: அவன் நம் எல்லோருடைய பொறுப்பு.