பழைய துணி வேண்டாமே!

2025 மார்ச் 28ஆம் தேதி மியன்மாரில் 7.7 அளவு நிலநடுக்கம். மண்டலேயில் கட்டடங்கள் சரிந்த படங்களைப் பார்த்ததும் எங்கள் தொண்டூழியர் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரே பரபரப்பு. "வீட்டுல சும்மா கிடக்குற துணியைச் சேர்த்து அனுப்பலாமா அண்ணே?" என்று கேட்டார் ஒரு தம்பி.

வேண்டாம் என்றேன். சிலருக்கு வருத்தம்தான்.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு வந்து குவிந்த பழந்துணிகளை நினைவூட்டினேன். உழைத்துப் பிழைத்த மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொட விரும்பவில்லை. சாலையோரம் கிடந்த துணிகளை அள்ளுவதே தனி வேலையாகிப்போனது. வீட்டை இழந்தவர்கள் மானத்தையும் இழக்க வேண்டுமா?

பணம் அப்படியல்ல. பக்கத்து ஊர்ச் சந்தையிலேயே அரிசி, தார்ப்பாய், மருந்து வாங்கலாம். அங்குள்ள கடைக்காரரும் பிழைப்பார். கப்பல் கூலியும் இல்லை.

ஆனால் உண்டியலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட முடியாது. வெளிநாட்டு உதவிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட, சிங்கப்பூரில் முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும். நம்மைப் போன்ற சிறு குழுவுக்குச் சுலபமான வழி, சிங்கப்பூர்ச் செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்பு நிதி திரட்டும்போது, அவரவர் நேரடியாக அதற்கே கொடுப்பது. பத்து வெள்ளியானாலும் போதும்.

குழுவுக்கு அப்புறம் என்ன வேலை என்கிறீர்களா? செய்தி ஓய்ந்த பிறகும் நினைவூட்டுவது. வீடு கட்டி முடிக்க ஆண்டுகள் ஆகும். நம் அக்கறையோ இரண்டே வாரத்தில் தீர்ந்துவிடுகிறது.