"முன்னோடிகள்" என்று யாரைச் சொல்கிறீர்கள்?

கலிபோர்னியாவின் வடக்கே ஹம்போல்ட் என்றொரு மாவட்டம். ரெட்வுட் காடு, கடற்கரை, மாட்டுப் பண்ணைகள். 1850இல் அங்கே வந்திறங்கிய வெள்ளையர்களுக்கு "முன்னோடிகள்" என்று பெயர். அதற்கு முன்பே அங்கு வாழ்ந்த வியோட் மக்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் மட்டும் "அது சர்ச்சைக்குரிய வரலாறு" என்பார்கள். இந்த மொழி எங்களுக்கு அந்நியமானது அல்ல.

1860 பிப்ரவரி 26. யுரேகா நகருக்கு எதிரே உள்ள துலுவாட் தீவில், உலகைப் புதுப்பிக்கும் தங்கள் சடங்குக்காகக் கூடியிருந்த வியோட் மக்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். குடியேறிகள் சிலர் படகில் வந்து கோடரியாலும் கத்தியாலும் வெட்டிக் கொன்றார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். இதில் என்ன சர்ச்சை?

"இரு தரப்பிலும் வன்முறை இருந்தது, இந்தியர்கள் மாடு திருடினார்கள்" என்று ஒரு வாதம். வேட்டைக் காட்டையும் ஆற்றங்கரையையும் மாட்டுக்கு வளைத்துப் போட்டுவிட்டு, பசியில் மாட்டைப் பிடித்தவனைத் திருடன் என்பது எந்த ஊர் நியாயம்?

கொன்றவர்கள் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. காரணத்தைத் தேடி அலைய வேண்டாம். 1850இலேயே அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டிருந்தது. அதன் பெயர், சிரிக்காதீர்கள், இந்தியர்களின் ஆளுகைக்கும் பாதுகாப்புக்குமான சட்டம்! இந்தியரின் சாட்சியத்தைக் கொண்டு எந்த வெள்ளையரையும் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கக் கூடாது என்றது அது. இந்தியக் குழந்தைகளைக் கொத்தடிமையாக வைத்துக்கொள்ளவும் வழிசெய்தது. உயிர் பிழைத்தவரின் வாயைச் சட்டமே கட்டியிருந்தது. படுகொலையைக் கண்டித்து எழுதிய இளம் பத்திரிகையாளர் பிரெட் ஹார்ட், வெள்ளையராக இருந்தும், அந்த வட்டாரத்தை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று.

தீவு கைமாறியது. வாங்கிய குந்தரின் பெயரே வெகுகாலம் அதற்கும் பெயர். பின்பு கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை வந்து மண்ணை நஞ்சாக்கியது. 2000இல் வியோட் மக்கள் நன்கொடை திரட்டி, 1,06,000 டாலர் கொடுத்து, தங்கள் சொந்தத் தீவில் ஒன்றரை ஏக்கரை விலைக்கு வாங்கினார்கள். அந்த நஞ்சையும் அவர்களே அகற்ற வேண்டியிருந்தது. 2014இல் சடங்கு மீண்டும் நடந்தது. 2019இல் யுரேகா நகரசபை 200 ஏக்கருக்கு மேல் திருப்பி எழுதிக் கொடுத்தது. இதைப் பெருந்தன்மை என்று பாராட்டுகிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. எடுத்த பொருளைத் திருப்பித் தந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் தந்தார்கள்.

1892இல் எங்கள் மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டது பஞ்சமி நிலம், ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர். அதைப் பிறருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. இன்று அதில் பெரும்பகுதி யார் கையில்? மனு கொடுத்தால் "பழைய கதையை ஏன் கிளறுகிறீர்கள்" என்கிறார்கள். பல கிராமங்களில் பதிவேட்டைப் புரட்டினால் "டி.சி. நிலம்" என்ற குறிப்பு இன்னும் அழியாமல் இருக்கிறது.